என்ன பெட்டு?

"நாளைக்கு மழை வரும்" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "வரும், பெட்டு!" என்று சொல்லட்டும், பேப்பருக்குள் தலையை விட்டிருந்தவர்கூட அதை மடித்து வைத்துவிட்டு, "என்ன பெட்டு?" என்பார். பெட்டு என்று வாயைத் திறந்தவன் உடனே பொருளைச் சொல்லியாக வேண்டும். ஒரு டீ, ஒரு பிரியாணி, வீம்பு முற்றினால் பாதி மீசை. சொல்லாமல் மழுப்பினால் அதோடு அவன் பேச்சு முடிந்தது. பேப்பர் மறுபடி விரியும்.

இங்கிலீஷ்காரர்களிடமிருந்துதான் இந்தச் சொல்லை வாங்கினோம். அவர்களோ அதைத் தேய்த்துத் தேய்த்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார்கள். 'ஐ பெட்' என்று அவர்கள் தொடங்கினால் 'எனக்கென்னவோ அப்படித்தான் தோன்றுகிறது' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. 'யூ பெட்' என்றால் 'பின்னே?' அமெரிக்க இளவட்டங்கள் இப்போது வெறும் 'பெட்' என்கிறார்கள். எட்டு மணிக்கு வந்துவிடு என்றால் 'பெட்', அதாவது சரி, வந்துடறேன். அங்கே யாரும் என்ன பெட்டு என்று கேட்பதில்லை. கேட்டால் விழிப்பார்கள்.

நம் தெருக்களில் அந்தச் சொல் இன்னும் தெம்பாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனால் தெரியும். சும்மா ஆடுவது வேறு, 'பெட் மேட்ச்' வேறு. தலைக்குப் பத்து ரூபாய், டீமுக்கு 110. சும்மா ஆட்டத்தில் ஒன் பிட்ச் கேட்சை விட்டுக்கொடுப்பவன் பெட் மேட்ச்சில் சட்டையைப் பிடிப்பான். அதனால் டாஸ் போடும் முன்பே இரண்டு பக்கத்துக் காசும் பொதுவான ஒருவர் கைக்குப் போய்விடும். பெரும்பாலும் முனைப் பெட்டிக்கடை அண்ணாச்சி. அவருக்கு ஆட்டம் தெரிய வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் அவர் பேச்சை மீறாது, அது போதும்.

அப்படி ஒரு அண்ணாச்சியிடம் காசைக் கொடுத்துவைத்து, ஜெயித்தும், சீரழிந்துபோன ஒரு மனிதரின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆள் லேசுப்பட்டவரில்லை. இயற்கைத் தேர்வு என்ற கருத்தை டார்வினைப் போலவே தானாகக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ்.

1870. ஜான் ஹாம்ப்டன் என்பவர் உலகம் தட்டை என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு, ஏரி, கால்வாய், எதிலாவது நீர்ப்பரப்பு வளைந்திருப்பதை நிரூபித்துக் காட்டுங்கள், 500 பவுண்டு பெட்டு என்று பத்திரிகையில் அறிவித்தார். வாலஸுக்கு நிலையான வேலை கிடையாது. 500 பவுண்டு அன்றைக்குப் பெரிய காசு. இளம் வயதில் நிலம் அளக்கும் வேலை பார்த்தவர் வேறு, காரியம் சுலபம் என்று பட்டிருக்கும். நிலவியல் மேதை சார்லஸ் லயலிடம் யோசனை கேட்டார். செய்யுங்கள், கண்ணால் பார்த்தால் இந்த ஆட்கள் அடங்குவார்கள் என்கிற மாதிரி அவரும் சொல்லிவிட்டார். மனிதர்களைப் பற்றி லயலுக்குப் பாறைகள் அளவுக்குத் தெரியவில்லை.

இடம், கிழக்கு இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு கால்வாய். ஆறு மைலுக்கு ஒரு வளைவு இல்லாமல் நேராக ஓடுகிற தண்ணீர். ஒரு முனையில் பாலத்தின் மேல் தொலைநோக்கி, மறுமுனைப் பாலத்தில் ஒரு குறி, நட்டநடுவில் ஒரு கம்பத்தில் இன்னொரு குறி. எல்லாம் தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரே உயரம். நீர்ப்பரப்பு தட்டை என்றால் மூன்றும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். வளைந்திருந்தால் நடுக்குறி மேலே தூக்கித் தெரியும். தூக்கித் தெரிந்தது. ஹாம்ப்டன் பக்கத்து நடுவர் அதைப் பார்த்துவிட்டு, ஆஹா, தட்டை என்பது நிரூபணமாகிவிட்டது என்று குதித்தார். ஹாம்ப்டனோ கடைசிவரை தொலைநோக்கியில் கண் வைக்கவே மறுத்துவிட்டார். என் ஆள் பார்த்துவிட்டான், அது போதும்!

இரண்டு பேர் பணத்தையும் வாங்கி வைத்திருந்த அண்ணாச்சி, 'தி ஃபீல்ட்' இதழின் ஆசிரியர் வால்ஷ். அவர் வாலஸ்தான் ஜெயித்தார் என்று தீர்ப்புச் சொல்லிக் காசையும் கொடுத்தார். நம் தெருவில் என்றால் அதோடு கலைந்து எல்லோரும் புரோட்டா சாப்பிடப் போயிருப்பார்கள். ஹாம்ப்டன் போகவில்லை. வாலஸ் திருடன், மோசடிக்காரன் என்று துண்டுப் பிரசுரம் அடித்தார். வாலஸ் உறுப்பினராக இருந்த சங்கங்களுக்கு எழுதினார், அக்கம்பக்கத்து வீடுகளுக்கு எழுதினார். வாலஸின் மனைவிக்கே, உன் புருஷன் மண்டை நொறுங்கி வீடு வந்து சேரப்போகிறான் என்று கடிதம் போட்டார். அவதூறு வழக்குகளில் ஹாம்ப்டன் சிறைக்குப் போனார். வெளியே வந்து மறுபடியும் எழுதினார். இந்தத் தொல்லை பதினைந்து ஆண்டுகள் நீடித்தது.

இதைவிடக் கொடுமை கோர்ட்டில் நடந்தது. என் 500 பவுண்டைத் திருப்பிக் கொடு என்று ஹாம்ப்டன் வால்ஷ் மீது வழக்குப் போட்டு, 1876-இல் ஜெயித்தும்விட்டார். உலகம் உருண்டையா தட்டையா என்ற பேச்சே அங்கே எழவில்லை. 1845-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெட்டு ஒப்பந்தம் செல்லாது. பணம் கைமாறும் முன்பே, கொடுக்காதே என்று ஹாம்ப்டன் கேட்டிருந்தார். ஆகவே அது அவர் பணம். உலகத்தை உருட்டிக் காட்டிய வாலஸுக்கு வழக்குச் செலவுதான் மிச்சம்.

நம் சட்டமும் இதில் வேறு மாதிரி இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 30: பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்த காசைக் கேட்டு வழக்குப் போட முடியாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. குதிரைப் பந்தயத்தில் ஜெயிப்பவருக்கான பரிசு 500 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் அதற்குப் பணம் சேர்க்கலாம். 1872-இல் 500 ரூபாய்! குதிரை யாரிடம் இருந்தது, சட்டம் யார் எழுதினார்கள் என்பதை யோசித்தால் இந்த விதிவிலக்கு ஏன் வந்தது என்று தானாகப் புரியும்.

ஆகக்கூடி, பெட்டுக்குப் போலீஸும் இல்லை, கோர்ட்டும் இல்லை. தோற்றவன் எதிரில் வந்து நின்று 'தோத்துட்டேன்டா, இந்தா' என்றால்தான் உண்டு. அதனால்தான் கைபேசி ஆப்களில் நடந்ததை பெட்டு என்று சொல்ல எனக்கு நாக்கு வருவதில்லை. அங்கே எதிரில் யார் இருக்கிறார்கள்? கணக்கைத் தனக்குச் சாதகமாகப் போட்டு வைத்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு கம்பெனி. அது மீசையை எடுக்காது, பிரியாணி வாங்கித் தராது, நாளைக்குத் தெருவில் பார்த்து அசடு வழியாது. காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தபோது வேலை போய்விடும், வருமானம் போய்விடும் என்று பேசினார்கள். பெட்டு போய்விடும் என்று யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. போகவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை 110 ரூபாய் அண்ணாச்சியிடம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

தோற்றவன் முகம் சுளித்துக்கொண்டே கொடுத்தாலும் பரவாயில்லை. மக்கள்தொகை பெருகி உலகம் பஞ்சத்தில் விழும் என்று எழுதிப் புகழ்பெற்ற பால் எர்லிக், 1980-இல் பொருளாதாரப் பேராசிரியர் ஜூலியன் சைமனோடு பெட்டுக் கட்டினார். செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன், இந்த ஐந்து உலோகங்களில் ஒவ்வொன்றிலும் 200 டாலருக்கு. பத்து வருடத்தில் விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்து விலை ஏறினால் வித்தியாசத்தைச் சைமன் தர வேண்டும், இறங்கினால் எர்லிக். அந்தப் பத்து வருடத்தில் உலக மக்கள்தொகை 80 கோடிக்கு மேல் கூடியது, ஐந்தின் விலையும் இறங்கியது. எர்லிக்கிடமிருந்து 576 டாலர் 7 சென்டுக்குக் காசோலை வந்தது. கூடவே கணக்குத் தாள். கடிதம் ஒரு வரிகூட இல்லை. ஆனால் அந்த 7 சென்டையும் விடாமல் அனுப்பினார் பாருங்கள். வேறு பத்தாண்டைப் பிடித்திருந்தால் எர்லிக் ஜெயித்திருப்பார் என்று பிற்பாடு பலர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இருக்கலாம், பெட்டு அந்தப் பத்துக்குத்தான்.

தோற்பதிலேயே ஒரு களை வேண்டும் என்றால் ஸ்டீஃபன் ஹாக்கிங்கிடம் போக வேண்டும். வாழ்க்கையைக் கருந்துளைக்குக் கொடுத்த அந்த மனிதர், 1974-இல் சிக்னஸ் எக்ஸ்-1 என்ற விண்பொருள் கருந்துளை இல்லை என்று இயற்பியலாளர் கிப் தோர்னோடு பெட்டுக் கட்டினார். கருந்துளையே இல்லை என்று ஆகிவிட்டால் செய்த வேலையெல்லாம் பாழ். அப்போது பெட்டிலாவது ஜெயித்து, ஆறுதலுக்கு 'பிரைவேட் ஐ' என்ற நையாண்டிப் பத்திரிகை நாலு வருடத்துக்கு வருமே! 1990-இல் தோர்ன் மாஸ்கோ போயிருந்த நேரம் பார்த்து, ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவருடைய அறைக்குள் புகுந்து, பெட்டுப் பத்திரத்தில் தோற்றேன் என்று கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டு வந்தார்.

1997-இல் இன்னொன்று. கருந்துளைக்குள் விழுந்த தகவல் அழிந்தே போகும் என்று ஹாக்கிங்கும் தோர்னும் ஒரு பக்கம், அழியாது என்று அமெரிக்க இயற்பியலாளர் ஜான் ப்ரெஸ்கில் மறுபக்கம். ஜெயித்தவருக்கு அவர் கேட்கும் கலைக்களஞ்சியம் பரிசு. அதிலிருந்தாவது தகவலை வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் அல்லவா. 2004-இல் டப்ளின் மாநாட்டில் ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். ப்ரெஸ்கில் கேட்டது பேஸ்பால் கலைக்களஞ்சியம். இங்கிலாந்தில் அது எங்கே கிடைக்கும்? கிரிக்கெட் கலைக்களஞ்சியம் தரட்டுமா என்று ஹாக்கிங் கேட்டுப் பார்த்தார். அமெரிக்கர் மசியவில்லை. கடைசியில் விமானத்தில் ஒரு பிரதியை வரவழைத்து மேடையில் வைத்தே கொடுத்தார்கள். கூட்டாளி தோர்ன் மட்டும் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. சரி, நான் கொடுத்துவிடுகிறேன், அவர் என்றைக்காவது ஒப்புக்கொண்டால் எனக்குத் திருப்பித் தரட்டும் என்று அந்த மேடையிலேயே சொல்லி வைத்தார் ஹாக்கிங்.