பிள்ளைகளோடு எங்கே நடப்பது?

‘நான் மேற்கொண்ட சுற்றுலா’ என்னும் தலைப்பில் மாணவர்கள் எழுதும் கட்டுரைகளை ஆண்டுதோறும் யாம் படித்து வருகின்றோம். அவற்றுள் பெரும்பாலானவை பேரங்காடியைப் பற்றியனவாகவே இருக்கின்றன. நகரும் மின்படிகள், குளிரூட்டிய கூடங்கள், விளையாட்டுப் பொறிகள், இறுதியில் பொரித்த கோழி. இவற்றைப் பிள்ளைகள் விரும்புவதில் வியப்பில்லை. யாம் குறைகூறவும் இல்லை. ஆயினும் நம் பள்ளித் திடலில் நின்று வடமேற்கே நோக்கினால் வானளாவத் தெரிகின்ற ஜெராய் மலையைப் பற்றி எழுதும் பிள்ளை ஆண்டுக்கு ஒருவர் கிடைப்பதே அரிதாக உள்ளது. காலையும் மாலையும் அம்மலையைக் கண்டு வளரும் நம் பிள்ளைகளுள் பலர் அதன் அடிவாரத்து நீரோடையில் ஒருமுறையேனும் கால் நனைத்தவரல்லர். இந்நிலை மாறவேண்டும் என்பதும், அதை மாற்றவேண்டியவர்கள் பள்ளியைக் காட்டிலும் பெற்றோர்களே என்பதும் எமது கருத்து.

பள்ளியே அழைத்துச் செல்லலாமே எனப் பெற்றோர் கேட்கலாம். அழைத்துச் செல்கின்றோம். ஆனால், ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளைக் காட்டுவழியே நடத்திச் செல்லும் ஆசிரியர், நடை தொடங்கியது முதல் முடியும்வரை தலைகளை எண்ணுவதிலேயே கண்ணாயிருப்பார். எந்தப் பிள்ளை எந்தப் பூவைக் கண்டு நின்றது என்பதை அவர் அறியமாட்டார்; நிற்கவும் விடமாட்டார். தாயும் தந்தையும் இரண்டு மூன்று பிள்ளைகளும், இயலுமாயின் ஒரு தாத்தாவும் பாட்டியுமாகச் செல்லும் நடை வேறு. அதற்கு ஈடாகப் பள்ளியால் ஒன்றும் செய்ய இயலாது.

பாட்டி என்றதும் நினைவுக்கு வருவது, நம் முதியோர்களிடமிருந்து எழும் மறுப்பு. “விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில் பால்மரக் காட்டிலேயே எங்கள் ஆயுள் கழிந்தது. பேரப்பிள்ளைகளையாவது பட்டணத்தைப் பார்க்க விடுங்கள். காட்டில் என்ன இருக்கிறது பார்க்க?” என்பர். இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் முறையன்று. பிரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, நிரை நிரையாக மரம் சீவி, பால்வாளி சுமந்து நடந்த கால்களுக்குக் காடு என்பது வேலைத்தலம். ஓய்வுநாளில் மீண்டும் அங்கே செல்வானேன் என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. ஆயினும் அதே முதியோர்கள்தாம், எந்தத் தழையை அரைத்துப் பூசினால் வெட்டுக்காயம் ஆறும், எந்த மூங்கில் குருத்து உண்ணத்தக்கது, அட்டை கடித்தால் என்ன செய்வது, பாம்பு எங்கே சுருண்டு கிடக்கும் என்பவற்றையெல்லாம் அறிந்தவர்கள். அவர்கள் மகன் அதில் பாதியை அறிவான். பேரன் ஒன்றையும் அறியான். இரண்டு தலைமுறையில் இவ்வளவு தேய்ந்தது. யாம் கண்டவரையில், ஒரு பாட்டியை எவ்வாறேனும் வற்புறுத்தி ஓர் ஓடைக்கரைக்கு அழைத்துச் சென்றுவிட்டால் போதும். அரைமணி நேரத்திற்குள் அவரே முன்னடந்து பேரப்பிள்ளைகளுக்கு இலைகளைக் கிள்ளிக் காட்டத் தொடங்கிவிடுகின்றார்.

நம் தோட்டங்களின் நிலையும் மாறிவிட்டது. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை நிற்கின்றது. செம்பனை நின்ற சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல பட்டணத்து அடுக்குமாடிகளுக்குச் சென்றுவிட்டன. பிள்ளைகள் அங்கிருந்து வேனில் பள்ளிக்கு வருகின்றனர். பால்மரத்தைத் தொட்டுப் பார்த்திராத பிள்ளைகள் ஒரு தோட்டப் பள்ளியில் பயில்கின்றனர் என்று முன்னொரு நாள் எவரேனும் கூறியிருந்தால் நம்பியிருப்போமா?

எனவே செல்லவேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. இதில் தந்தையர் பலர் தவறான இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பதை யாம் வெளிப்படையாகவே கூறிவிடுகின்றோம். பெயர்பெற்ற மலையின் உச்சியை அடைந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை தந்தைக்கு. அவ்வாசைக்காக ஏழு வயதுப் பிள்ளை ஐந்து மணி நேரம் இழுத்துச் செல்லப்படுகின்றது. அப்பிள்ளை அதன்பின் ‘மலை’ என்னும் சொல்லைக் கேட்டாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கின்றது.

இதற்குக் கணக்கு ஒன்றுண்டு. ஸ்காட்லாந்து நாட்டு மலையேறி வில்லியம் நேஸ்மித் என்பார் 1892-ஆம் ஆண்டில் அதனை வகுத்தார். நடக்கும் தொலைவில் ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம். அதனோடு, ஏறும் உயரத்தில் ஒவ்வோர் அறுநூறு மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம் என்பது ஏறக்குறைய அவர் கூறிய விதி. இஃது உடல்வலிமை மிக்க ஆடவருக்கு, அதுவும் அந்நாட்டுக் குளிரில். நம் வெயிலில், சிறு பிள்ளைகளோடு நடப்போர் இதனை இருமடங்காகக் கொள்வதே தக்கது. ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு நடப்பதாயின், ஏற்றத்திற்கு மட்டுமே இரண்டு மணி நேரம், இருமடங்காக்கினால் நான்கு. வழியின் நீளத்திற்குரிய நேரம் வேறு, இறங்கும் நேரம் வேறு. ஐந்தாம் ஆண்டு மாணவர் எவரிடமும் இக்கணக்கைக் கொடுத்தால், சிறிய பிள்ளைகளோடு இம்மலையில் நடந்தேறுவது ஆகாது என்று விடை கூறிவிடுவார். தந்தையர்தாம் கூறமாட்டார்கள்.

ஆனால் ஜெராய் மலைமீது தார்ச்சாலை செல்கின்றது. வண்டியில் மேலே சென்று, உச்சிக்கு அண்மையில் உள்ள சுங்கை தெரோய் பொழுதுபோக்குக் காட்டில் இறங்கி, அங்கே ஒரு மணி நேரம் நடந்தால் போதுமானது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்று அறிவியல் பாடத்தில் படிப்பதைப் பிள்ளைகள் தம் தோலிலேயே உணர்வர். மேகம் மரங்களினூடே நுழைந்து வருவதையும் காணலாம். அதுவே எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரிய செய்தியன்றோ?

எனினும் முதன்முதலாக எங்கே செல்வது என்று எம்மைக் கேட்டால், மலையுச்சியைச் சொல்லமாட்டோம். அதே மலையின் தென்புற அடிவாரத்தில், மெர்போக் அருகே உள்ள பூஜாங் பள்ளத்தாக்கைத்தான் சொல்வோம். அங்குள்ள தொல்பொருட்காட்சிச் சாலையை ஒட்டி, சலசலத்து ஓடும் ஆற்றின் கரையில், கருங்கல்லாலான புக்கிட் பத்து பகாட் சண்டி நிற்கின்றது. 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆய்வாளர் அதனை அகழ்ந்து வெளிக்கொணர்ந்தார். பின்னர் 1960-ஆம் ஆண்டளவில் அதன் கற்கள் மீண்டும் முறையாக அடுக்கிக் கட்டப்பட்டன. பள்ளத்தாக்கின் பிற இடங்களில் கிடைத்த சண்டிகள் சிலவும் பெயர்த்துக் கொணரப்பட்டு அங்கே அமைக்கப்பட்டுள்ளன. இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டில் கடல் கடந்து படை செலுத்திய கடாரம் இக்கெடாவே என்பர் வரலாற்று அறிஞர். ஆயினும் அவன் வருகைக்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பிருந்தே இங்கே வணிகம் நடந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். கப்பலில் வந்தவர்கள் கடலிலிருந்து நோக்குகையில் முதலில் கண்ட அடையாளம் இம்மலைதான். நடை குறைவு, நிழல் மிகுதி, ஓடையுண்டு, பாட்டி அமர்வதற்குக் கல்லுமுண்டு. பிள்ளை களைத்தால் கால்மணி நேரத்தில் வண்டிக்குத் திரும்பிவிடலாம். சிறு பிள்ளைகளுக்குரிய இடத்தின் இலக்கணம் இவையே என்று யாம் கருதுகின்றோம்.

சற்றுத் தொலைவு செல்ல இயன்றவர்க்குத் தைப்பிங் ஏரிப்பூங்கா மிக ஏற்றது. ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளே 1880-களில் ஏரிகளாகவும் பூங்காவாகவும் ஆக்கப்பட்டன. நீரைத் தொடுமாறு கிளை தாழ்த்தி நிற்கும் மழைமரங்களின் கீழ்ச் சமதரையில், தள்ளுவண்டிக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு நடக்கலாம். தீவகற்பத்தில் மழை மிகுந்த ஊர்களுள் ஒன்றாதலால் குடை மறவற்க. அதற்கு அருகிலேயே கோல செப்பெத்தாங்கில் மாத்தாங் அலையாத்திக் காடு. பலகைப் பாதையில் நடந்து, சேற்றிலிருந்து மேலெழும் வேர்களைப் பார்த்துவிட்டு வரலாம். பினாங்கில் கொடிமலைக்குத் தொடர்வண்டியில் ஏறி, மேலே நடப்பது நலம். பூமலைத் தோட்டத்திலிருந்து நடந்தே ஏறுவது பத்து வயதிற்கு மேற்பட்ட, நடந்து பழகிய பிள்ளைகளுக்குரியது. அவ்வளவே சொல்வோம். இடங்களின் பட்டியல் நீட்டுதல் எம் நோக்கமன்று.

நீரைப் பற்றி மட்டும் விரிவாகவே சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் விரும்புவது ஓடை. ஆபத்து இருப்பதும் ஓடையில். மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயர்’ எனக் கூறும் திடீர் வெள்ளத்தைப் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் கடமை. நாம் நிற்குமிடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். அந்நீரெல்லாம் ஒன்றுதிரண்டு சில நிமிடங்களில் வந்து சேரும். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் இதே ஜெராய் மலையிலிருந்து பெருக்கெடுத்த வெள்ளம், மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு யான் வட்டாரத்தில் இறங்கி உயிர்களைப் பலிகொண்டதை நம்மில் எவரும் மறந்திருக்கமாட்டோம். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதல், சருகும் குச்சிகளும் மிகுதியாக மிதந்து வருதல், நீரின் ஓசை மாறுதல், பாறையில் நீர்மட்டம் ஏறுதல் — இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பைகளையும் செருப்புகளையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையில் மேலேற வேண்டும். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடுதல் கூடாது. மேலே கருமேகம் திரண்டிருந்தால் அன்று நீரில் இறங்காமலே திரும்பிவிடலாம். பிள்ளைகள் அழுதாலும் சரியே.

இடத்தோடு காலத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் வடமேற்குப் பகுதியில் சனவரி, பிப்ரவரித் திங்கள்கள் வறண்டவை. ஏப்ரல், மே திங்கள்களிலும் பின்னர் செப்டம்பர், அக்டோபரிலும் பிற்பகல் இடிமழை மிகுதி. கிழக்குக் கரைக்கு ஆண்டிறுதியில் செல்லாதிருத்தல் நன்று. எக்காலமாயினும் விடியலில் புறப்பட்டு, நண்பகலுக்குள் நடையை முடித்து, இரண்டு மணிக்குள் வண்டியில் அமர்ந்துவிடுவது எம் வழக்கம். கூடாரம் அடித்து இரவு தங்க விரும்புவோர், மண் வெட்டிய சரிவின் கீழ் எக்காரணங்கொண்டும் தங்கவேண்டா. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் பத்தாங் காலியில் மண் சரிந்து, முகாமில் உறங்கிய 31 பேர் மாண்டனர். பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர்.

இவற்றைப் படித்தபின் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று தாய்மார்கள் எண்ணக்கூடும். சாலையைக் கடக்கும் முறையைக் கற்பித்து அல்லவா பிள்ளைகளைச் சாலைக்கு அனுப்புகின்றோம்? வனத்துறையின் பொழுதுபோக்குக் காடுகள் ‘ஹூத்தான் லிப்பூர்’ என்னும் பெயர்ப்பலகையோடு பல மாவட்டங்களில் உள்ளன. அவற்றில் பாதைகள் உண்டு, மக்கள் நடமாட்டமும் உண்டு. தொடக்கத்திற்கு அவையே போதும். வனக்காப்புப் பகுதி மலைகளில் ஏறுவதற்கு வனத்துறையின் அனுமதி பெறவேண்டும். அது வீண் தொல்லையன்று. நாம் திரும்பி வராவிடில் தேடுவதற்கு ஒருவர் இருக்கின்றார் என்பதே அதன் பொருள்.

சில்லறைச் செய்திகள் சிலவுள. அட்டைக்கு அஞ்சுவோர் நீண்ட காற்சட்டையும் காலுறையும் அணிந்து, காலுறைமேல் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்க. காலில் புண்ணுள்ள பிள்ளையைத் தேங்கிய நீரில் இறக்கலாகாது. எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் கொடியது. குரங்குகளுக்கு உணவிடவேண்டா. உண்ட மிச்சத்தை எறிந்துவிட்டு வரும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் ஒழியவில்லை என்பதை வருத்தத்தோடு எழுதுகின்றோம். பாறையிடுக்கில் நாசி லெமாக் பொட்டலமும் நெகிழிப் புட்டியும் கிடந்தால், அடுத்து வருவது எலி. எலியின் பின்னே பாம்பு.

மற்றொன்று. நடக்கும்போது பிள்ளைகளிடம் பாடம் கேளாதீர்கள். ‘இது என்ன மரம், சொல் பார்ப்போம்’ என்று பெற்றோர் தொடங்கினால், அது வகுப்பறையின் தொடர்ச்சியாகிவிடும். அதற்கு யாங்கள் இருக்கின்றோம்! தந்தையர் தாம் சிறுவயதில் மீன் பிடித்த கதையைச் சொல்லட்டும். நம் நாட்டில் பத்துவகை இருவாச்சிப் பறவைகள் உண்டு. அவற்றின் சிறகோசை, பறவை கண்ணில் படுமுன்பே தலைக்கு மேலே கேட்கும். அவ்வோசையைக் கேட்ட பிள்ளை, அதன் பெயரைத் தானே வந்து கேட்கும். கைப்பேசியில் தேடவும் செய்யும்.

செலவு பற்றி ஒரு சொல். எரிபொருளும், வீட்டில் சமைத்த சோறும், சிற்சில இடங்களில் சிறு நுழைவுக் கட்டணமும்தான். பேரங்காடியில் ஒரு பிற்பகலுக்கு ஆகும் வெள்ளியில் இத்தகைய நடைகள் பலவற்றை மேற்கொள்ளலாம். வண்டியில்லாத குடும்பங்கள் நம்மிடையே உள்ளன என்பதை அறிவோம். ஆதலின், வண்டியுள்ள குடும்பமொன்று இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளையும் அவர்தம் தாயையும் உடன் அழைத்துச் செல்லுமாறு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியே கேட்டுக்கொள்ள எண்ணியுள்ளோம். பள்ளி நூலகத்தில் ஒரு குறிப்பேடும் வைக்கப்படும். சென்று வந்த குடும்பத்தார் இடத்தின் பெயர், நடந்த நேரம், வண்டி நிறுத்தும் வசதி, கழிப்பறை உண்டா இல்லையா, எந்த வயதுப் பிள்ளை எங்கே களைத்தது என்பவற்றை அதில் எழுதி வைக்கலாம். முதல் பக்கத்தில் மெர்போக் சண்டியைப் பற்றி யாம் எழுதிவிட்டோம். கழிப்பறை உண்டு.