இல்லறமும் சட்டமும்: கடல் கடந்து வந்த மருமகள்



அயல்நாட்டவரை மணப்பது பெருநகரத்தாருக்கே உரியது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் நம் தருமபுரி மாவட்டத்திலேயே அதற்கு இடமுண்டு. 1983 சூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி வந்த இலங்கைத் தமிழரின் முகாம்கள் நாகாவதி, தொப்பையாறு, வாணியாறு அணைகளை அடுத்து அமைந்தன. 2021 முதல் தமிழக அரசு அவற்றை மறுவாழ்வு முகாம்கள் என அழைக்கிறது. நாற்பது ஆண்டுகள் அருகருகே வாழும் மக்களிடையே கொள்வினை கொடுப்பினை உண்டாவது இயல்பே. மொழியும் வழிபாடும் ஒன்றாயினும், சட்டத்தின் முன் அம்மருமகள் அயல்நாட்டவளாகவே நிற்கிறாள்.

மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, ஊரறியத் தாலி கட்டிவிட்டால் அவள் இந்தியக் குடிமகள் ஆகிவிடுவாள் என்று நம்புவோர் உளர். அது சரியன்று. திருமணம் குடியுரிமையைத் தருவதில்லை. விண்ணப்பிக்கும் தகுதியை மட்டுமே தருகிறது. அத்தகுதியும் எல்லார்க்கும் கிடைப்பதில்லை.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு கூறுவது இது: இந்தியரை மணந்த அயல்நாட்டவர் இந்நாட்டில் 7 ஆண்டுகள் வாழ்ந்த பின் தம்மைக் குடிமகனாகப் பதிவு செய்யக் கோரலாம். விண்ணப்பத்துக்கு முந்திய 12 மாதங்கள் இடைவிடாமலும், அதற்கும் முந்திய 8 ஆண்டுகளில் 6 ஆண்டுகளேனும் இங்கே வாழ்ந்திருத்தல் வேண்டும். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் வழியாக மாநில அரசுக்கும், பின் நடுவணரசுக்கும் செல்லும். இடைக்காலத்தில், மணம் பதிவாகி 2 ஆண்டுகள் நிலைத்திருப்பின், கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டை பெறலாம். ஆயினும் அதில் வாக்குரிமை இல்லை.

இந்த வழி கடவுச்சீட்டோடும் விசாவோடும் வந்தவர்க்கே திறந்திருக்கிறது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் 2004 டிசம்பர் 3 அன்று நடைமுறைக்கு வந்தது. உரிய பயணத்தாள் இன்றி நுழைந்தவரும், விசாக் காலம் கடந்து தங்கியவரும் ‘சட்டவிரோதக் குடியேறி’ எனப்பட்டனர். அத்தகையோர் மணத்தின் வழியே பதிவு கோர இயலாது. குண்டுமழைக்குத் தப்பி இரவோடிரவாகப் படகேறியவரிடம் கடவுச்சீட்டு ஏது?

இதனினும் கொடிய விளைவு ஒன்று உண்டு. தந்தை தலைமுறை தலைமுறையாகத் தருமபுரியில் வாழ்பவர்; தாய் படகில் வந்தவள். அவர்களுக்கு 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்த குழந்தை, பெற்றோருள் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்பதால், பிறப்பால் இந்தியக் குடிமகன் ஆவதில்லை. தந்தையின் குருதி இந்தியக் குருதி. பிள்ளையோ நாடற்ற பிள்ளை! தாய் இந்தியளாகவும் தந்தை படகில் வந்தவராகவும் இருப்பினும் நிலை இதுவே.

2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த கிறிஸ்தவருக்கும் வழி திறந்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் வெளியான அரசாணை, 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, பயணத்தாள் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. அது ஆறுதலே, ஆயினும் குடியுரிமை ஆகாது.

நம்பிக்கைக்கு இடமில்லையா? உண்டு. 1987 சூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பாலேயே குடிமக்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணிக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அத்தேதிக்குப் பின் முகாமில் பிறந்தவரும், தாம் எல்லை கடந்து நுழைந்தவர் அல்லர் என்று வாதிட இடமுண்டு. சிறப்புச் சூழ்நிலை இருப்பின் சிறுவர் எவரையும் பதிவு செய்ய நடுவணரசுக்குச் சட்டமே அதிகாரம் தந்துள்ளது.

ஆகவே இத்தகைய இல்லங்களுக்கு நாம் சொல்ல விரும்புவன சில:

கோயில் பதிவேட்டோடு நில்லாமல், 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாள்களுக்குள் மணத்தைப் பதிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் நாளும் இடமும் பிழையின்றி இருக்கிறதா என்று பாருங்கள். முகாம் பதிவுத்தாளைப் பொன்போல் காத்திடுங்கள். விசாவோடு வந்தவர் அதனை ஒரு நாளும் காலாவதியாக விடலாகாது. விட்டால் திறந்த கதவும் அடைபடும். பணத்துக்குக் கடவுச்சீட்டு வாங்கித் தருவதாகக் கூறும் தரகரை அண்டவிடாதீர். 2025ஆம் ஆண்டுச் சட்டப்படி போலிக் கடவுச்சீட்டுக்கு 2 முதல் 7 ஆண்டு வரை சிறையுண்டு. மணம் பேசும்போதே இவற்றை இரு வீட்டாரும் மறைக்காமல் பேசிக்கொள்ளுங்கள்.

சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை; கோரிக்கை எழுப்புவது நம் கையில் உண்டு. பங்கு மக்களே, ஓலை வாசித்தபோது எதிர்ப்புரையாமல் ஏற்றுக்கொண்டோம் அல்லவா? அவளை நம் வீட்டுப் பெண்ணென ஏற்றது உண்மையானால், ஆட்சியர் அலுவலகத்துக்கு அவள் தனியே நடக்க விடலாகாது. படித்தவர் ஒருவர் உடன் செல்லட்டும்; விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் எழுதித் தரட்டும். அகதி மருமகள் என்ற சொல் நம் தெருவில் ஒலிக்காதிருக்கட்டும்.