அப்பா வண்டிக்கு அரியர் இருக்கா?

உங்களுக்கு எத்தனை அரியர்னு கேட்டா, டக்குனு சொல்லிடுவீங்க. நீங்க ஓட்டுற வண்டிக்கு எத்தனை அரியர்னு கேட்டா?

தா.பழூர் பஸ் ஸ்டாப்புல போன வாரம் ஒரு தம்பியைப் பார்த்தேன். ஜெயங்கொண்டத்துல காலேஜ். அப்பாவோட பழைய பைக், பின்னால இன்னும் ரெண்டு பேர். ஆர்.சி. புக்கை வாங்கிப் பார்த்தா, பதிவான வருஷம் 2009. "தம்பி, இது 2024-லயே முடிஞ்சுபோச்சே!" "என்னண்ணே, வண்டி நல்லாத்தானே ஓடுது?"

ஓடும் பாஸ். நிக்குமாங்கறதுதான் கேள்வி.

சொந்த வண்டியோட முதல் பதிவு 15 வருஷம்தான் செல்லும். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியைக் காட்டி, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். கடைசித் தேதிக்கு 60 நாள் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். நம்ம டி.என்.61 வண்டிகளுக்கு அரியலூர் ஆபீஸ். புகைச் சான்று, வண்டிக்கு ஒரு வயசு ஆனதுல இருந்தே வேணும். பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிக்கு வருஷம் ஒரு தடவை. அதுக்கும் பழசுன்னா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை.

இன்ஷூரன்ஸ்? 2018 செப்டம்பர்ல இருந்து புது பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீடு அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்தே போடணும். சேர்த்துப் போட்டதாலேயே, அது முடிஞ்ச தேதி பல பேருக்கு மறந்துபோச்சு. காப்பீடு இல்லாம யார் மேலயாவது இடிச்சா, நஷ்டஈடு கட்டவேண்டியது வண்டி ஓனர். அதாவது, அப்பா. நம்ம ஊர்ல அதுக்கு அர்த்தம் என்ன தெரியுமா? காணி நிலம் பேச்சுக்கு வரும்!

லாரி, பஸ்ஸுக்கு எஃப்.சி. கட்டாயம். எட்டு வயசு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம். அரியலூர் ரோட்டுல எதிர்ல வர்ற சுண்ணாம்புக்கல் லாரிக்கு அது இருக்கான்னு கவலைப்படுறோம்ல? அந்த டிரைவரும் நம்ம பைக்கைப் பார்த்துக் கவலைப்படலாம்.

ஆனா, பேப்பர் மட்டும் போதுமா? 2012 ஜூலை 25. தாம்பரம் பக்கத்துல, ஸ்கூல் பஸ்ஸோட தரையில இருந்த ஓட்டை வழியா ரெண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து, அதே பஸ்ஸோட சக்கரத்துல சிக்கி இறந்துபோனா. அந்த பஸ்ஸுக்கு எஃப்.சி. இருந்தது! பேப்பர்ல பாஸ், ரோட்டுல ஃபெயில். சென்னை உயர் நீதிமன்றம் தானாவே வழக்கை எடுத்தது. அதே வருஷம் ஸ்கூல் பஸ்களுக்குன்னே தமிழ்நாட்டுல தனி விதிகள் வந்துச்சு.

அதனால ரெண்டு வேலை பாஸ். இன்னிக்கு ராத்திரி ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று மூணையும் எடுத்து, முடியுற தேதியைச் செல்போன்ல அலாரமா வைங்க. அப்புறம் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, பிரேக், டயர், ஹெட்லைட், பின் லைட்டை நீங்களே செக் பண்ணுங்க. கரும்பு டிராக்டர் லைட் இல்லாம நிக்கிற ரோட்டுல, ராத்திரி உங்களைக் காப்பாத்தப்போறது பேப்பர் இல்லை, பிரேக்.

அந்தத் தம்பி நேத்து போன் பண்ணினான். "அண்ணே, பின் பிரேக் ஷூ சுத்தமா தேஞ்சிருக்காம். மெக்கானிக் திட்டுறார்."

திட்டு வாங்குறது நல்லது பாஸ். அடி வாங்குறதுதான் கஷ்டம். அடுத்த வாரம் பார்ப்போம்!