பொருத்தியவர் பலர், பொறுப்பேற்பவர் யார்?

மேடைமேல் வைத்துப் பயன்படுத்தும் ஓடிஜி பழுதானால் ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோய்விடலாம். அலமாரிக்குள் பதித்த ஓவனை அப்படிச் செய்ய முடியாது. எடை முப்பது கிலோவை ஒட்டி இருக்கும். பக்கவாட்டில் திருகு போட்டு மரச்சட்டத்தோடு இறுக்கியிருப்பார்கள். சுவருக்குள் ஓடும் வயரில்தான் அதற்கு மின்சாரம். சென்னையிலும் கோவையிலும் புதிய அடுக்ககங்களுக்குக் குடிபோகும் குடும்பங்கள் மாடுலர் கிச்சனோடு சேர்த்து இதையும் வாங்குகின்றன. நிறுவனம் தயாரிக்கிறது, கடை விற்கிறது, தச்சர் இடம் வெட்டுகிறார், எலக்ட்ரீஷியன் இணைப்பு கொடுக்கிறார். இத்தனை பேர் கைபட்டு நிற்கும் பொருள் ஒருநாள் சூடாகாமல் போனால், தன் பக்கத்துப் பிழை என்று ஏற்க ஒருவரும் வருவதில்லை.

இது பல வீடுகளில் நடப்பதுதான். நிறுவனத்தின் டெக்னீஷியன் வந்து பார்த்துவிட்டு, "பின்னாடி காத்து போக வழியே இல்ல, போர்டு எரிஞ்சுபோச்சு, இது வாரண்டியில வராது" என்கிறார். தச்சரைக் கேட்டால், கொடுத்த அளவுக்குத்தான் வெட்டினேன் என்கிறார். லைனில் கோளாறு இல்லை என்பது எலக்ட்ரீஷியனின் பதில். கட்டுநரோ சாவியைக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்கிறார். ஒவ்வொருவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. நடுவில் நிற்கும் குடும்பம் வருகைக் கட்டணம் கட்டுகிறது, புதிய போர்டுக்கும் பணம் கட்டுகிறது. அதே காற்றில்லாத பெட்டிக்குள் அந்தப் புதிய போர்டும் போய்ச் சேர்கிறது.

பழுதின் காரணங்களைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். இந்த ஓவன்களுக்குள் சமைக்கும் அறையைத் தவிர, மின்னணுப் பாகங்களைக் குளிர்விக்கவென்றே தனியாக ஒரு மின்விசிறி உண்டு. அது கீழிருந்தும் பின்னாலிருந்தும் காற்றை இழுத்துக் கதவுக்கு மேலுள்ள இடுக்கு வழியாக வெளியே தள்ளும். அதனால்தான் பின்பக்கம் இவ்வளவு இடைவெளி, கீழ்த்தட்டில் இவ்வளவு திறப்பு என்று கையேட்டில் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் கரப்பான் வரக்கூடாது என்பதற்காக அந்தத் திறப்பைப் பலகை வைத்து அடைத்துவிடுகிறோம். தச்சர் கையில் அந்தக் கையேட்டை யாரும் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் அது தமிழில் இருப்பதில்லை. கண்ட்ரோல் போர்டிலுள்ள கெபாசிட்டர்களின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுவியலில் அடிப்படைக் கணக்கு. ஒரு பலகைத் துண்டு எவ்வளவு பெரிய செலவை இழுத்துவிடுகிறது என்று இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மின்சாரத்தின் பங்கு இன்னொன்று. 230 வோல்ட்டுக்கு வடிவமைத்த ஹீட்டருக்கு 200 வோல்ட்தான் வந்தால், அது தரும் வெப்பம் முக்கால் பங்காகக் குறையும். கேக் வேகவில்லை என்ற புகார்களுக்கு இதுவும் ஒரு காரணம். ஓவனைக் குறைசொல்லுமுன் லைனில் வரும் வோல்டேஜை அளக்க வேண்டும். பெரிய ஓவன்கள் 3 கிலோவாட் வரை இழுக்கும். அதற்குத் தனி வயரும் தனி எம்சிபியும் தேவை. மிக்ஸிக்குப் போட்ட பாயிண்ட்டிலிருந்து வயரை நீட்டிக் கொடுப்பது ஆபத்தில்தான் முடியும்.

மழைக்காலத்தில் வரும் தொல்லை இன்னொரு விதம். பல மாதம் தொடாமல் இருந்த ஓவனைத் தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ போட்டால், மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் வீட்டின் ஆர்சிசிபி சட்டென்று விழுந்துவிடும். ஹீட்டர் குழாய்க்குள் காப்பாக அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சக்கூடியது. அந்த ஈரம் வழியாக மின்சாரம் கசிகிறது. ஆர்சிசிபி விழுவது நம்மைக் காப்பாற்றத்தான். அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்பு கொடுக்கும் எலக்ட்ரீஷியனை வீட்டுக்குள் விடக்கூடாது. விவரம் தெரிந்தவர், எலிமென்ட்டை உலர்த்திக் கசிவை அளந்து பார்த்தபிறகே மாற்றுவதா என்று முடிவு செய்வார். அந்த அளவுப் பயிற்சி பெற்றவர்களை அனுப்புவது நிறுவனத்தின் கடமை. ஒரு நாளைக்கு இத்தனை புகாரை முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் ஓடும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

அந்த நெருக்கடியின் விளைவுதான் ஓடிபி பழக்கம். வந்தவர் பார்க்கிறார், பாகம் வரவேண்டும் என்கிறார், கிளம்பும்போது உங்கள் கைபேசிக்கு வந்த எண்ணைக் கேட்கிறார். அவர் பாவம், வெயிலில் வந்தவர் என்று நாமும் சொல்லிவிடுகிறோம். அந்த நொடியில் நிறுவனத்தின் கணினியில் உங்கள் புகார் தீர்ந்துபோகிறது. அடுத்த வாரம் அழைத்தால் புதுப் புகார் எண், புதிய வருகைக் கட்டணம். வேலை முடியாமல் எண்ணைக் கேட்பதை நிறுவனங்கள் நிறுத்த வேண்டும். வேலை முடியாமல் எண்ணைக் கொடுப்பதை நாமும் நிறுத்த வேண்டும்.

வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண்களுக்கு இந்தப் பிரச்சினை வருமானத்தையே அடிக்கிறது. டிசம்பர் ஆர்டர்களை ஏற்றுக்கொண்டபின் ஓவன் நின்றால் முன்பணத்தைத் திருப்ப வேண்டும், வாடிக்கையாளரையும் இழக்க வேண்டும். புகார் கொடுத்தாலோ, வணிகப் பயன்பாடு என்று சொல்லி வாரண்டியை மறுக்கிறார்கள். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கொள்வதில்லை. வாரண்டி அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும், நுகர்வோர் ஆணையத்தின் கதவு அவருக்குத் திறந்தே இருக்கிறது.

சட்டம் தரும் வசதிகள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். பொருள் எங்கே வாங்கியதாக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ஒரே அடுக்ககத்தில் பல வீடுகளுக்கு ஒரே பழுது வந்தால், ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே வழக்குத் தொடுக்கலாம். குடியிருப்போர் நலச் சங்கங்கள் லிஃப்ட்டுக்கும் தண்ணீருக்கும் கூடுவதைப் போல இதற்கும் கூடலாம்.

ஆனால் வழக்கு கடைசி வழி. அதற்கு முன்பே தீர வேண்டியது பாகங்களின் பிரச்சினை. விற்பனை நின்ற மாடலுக்குப் போர்டு இல்லை, புது ஓவன் வாங்குங்கள் என்று கைவிரிப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதன் வரம்பில் வருகின்றன. பாகங்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதியும் கூடவே வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கெனச் சட்டமே இயற்றியது. துணி துவைக்கும் இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் இருக்கும் அந்தச் சட்டத்தின் பட்டியலில்கூட ஓவன் இடம்பெறவில்லை. இங்கே நாம் முந்திக்கொள்ளத் தடையில்லை. ஐடிஐ படித்த எலக்ட்ரீஷியன்களும், சென்னை ரிச்சி தெருவில் போர்டிலுள்ள ஒரு ரிலேயை மட்டும் மாற்றிச் சரிசெய்யக்கூடிய கைகளும் நம்மிடம் இருக்கின்றன. அவர்களுக்கு வேண்டியது சர்க்யூட் வரைபடமும் அசல் பாகமும்தான். அவற்றைப் பூட்டி வைப்பதை நிறுவனங்கள் கைவிட வேண்டும்.

எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு தொடக்கத்தை முன்வைக்கிறோம். ஓவன் பொருத்தும் நாளில் ஒரே ஒரு தாள். பின்பக்க இடைவெளி எவ்வளவு, லைனில் வோல்டேஜ் எவ்வளவு, எர்த் சரியாக இருக்கிறதா, எம்சிபி தனியா என்று அதில் எழுத வேண்டும். தச்சர், எலக்ட்ரீஷியன், நிறுவனத்தின் டெக்னீஷியன், வீட்டுக்காரர் நால்வரும் கையெழுத்திட வேண்டும். குறை இருந்தால் அன்றே திருத்திவிடலாம். டெமோ காட்ட வரும் டெக்னீஷியன் அளந்து பார்த்துச் சரி என்று ஒப்பமிட்டபின், காற்றோட்டம் இல்லை என்று நிறுவனம் பிறகு சொல்ல முடியாது. பிறகு அந்தத் திறப்பை அடைத்தால் வீட்டுக்காரரும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை.

ஓவன் வாங்கப்போகும் வாசகர்கள், முன்பணம் கொடுக்குமுன் இரண்டைக் கேளுங்கள்: இந்த மாடலுக்கு எத்தனை ஆண்டு பாகம் கிடைக்கும், பொருத்தும் அன்று அளந்து கையெழுத்திட யார் வருவார்கள். பதிலை எழுத்தில் கொடுக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.