பாஞ்சாகுளத்திற்குப் பின்: பாதிக்கப்பட்டோருக்காக வாதாடும் வழக்கறிஞர்களை உருவாக்குவது யார் பொறுப்பு?

2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் பள்ளிக் குழந்தைகளிடம் ஊர்க்கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி விற்க மறுத்தார் ஒரு கடைக்காரர். குற்றாலச் சாரலுக்காக மட்டுமே தென்காசியை அறிந்திருந்தவர்களும் அந்தக் காணொளியைக் கண்டு அதிர்ந்தனர். கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது, கைதுகள் நடந்தன. அதற்கடுத்த சட்ட நடவடிக்கையே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்கீழ் காவல்துறை மனுச் செய்ய, குற்றம்சாட்டப்பட்ட ஐவர் ஆறு மாதங்களுக்கு ஊருக்குள் நுழையக் கூடாது என்று திருநெல்வேலிச் சிறப்பு நீதிமன்றம் ஆணையிட்டது. தமிழ்நாட்டில் இப்பிரிவு பயன்படுத்தப்படுவது அதுவே முதல் முறை என்று அப்போது கூறப்பட்டது.

அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1990 ஜனவரி 30 அன்று. ஒரு பிரிவு உயிர்பெற முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின என்றால், குறை சட்டத்தின் எழுத்தில் இல்லை. அதைப் படித்து, மனுவாக்கி, நீதிமன்றத்தில் நின்று வாதாடும் ஆட்கள் போதவில்லை என்பதே உண்மை.

இராணுவ வேலையும் பழைய வழக்கும்

பாஞ்சாகுளம் புறக்கணிப்பின் பின்னணியில் 2020ஆம் ஆண்டு மோதலும் அதையொட்டிய வழக்குகளும் இருந்தன. ஆதிக்கச் சாதி இளைஞர் ஒருவர் அக்னிவீர் பணியில் சேர அவ்வழக்கு தடையானது. வழக்கைத் திரும்பப் பெறுமாறு நடந்த சமரசப் பேச்சு முறிந்தது. அதன் பிறகே ஊர்க்கட்டுப்பாடு வந்தது என்று செய்திகள் தெரிவித்தன. ஒருவரின் அரசு வேலைக்காகத் தலித் மக்கள் தம் வழக்கைக் கைவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பல ஊர்களில் உண்டு. அந்த அழுத்தத்தின் நடுவே, வழக்கின் நிலை என்ன, சமரசத்தின் விளைவு என்ன என்பதை விளக்கும் வழக்கறிஞர் பாதிக்கப்பட்டோர் அருகில் இருப்பது அரிது.

அமெரிக்க ஏற்பாடும் நம் நிலையும்

அமெரிக்காவில் படைப்பணியை முடிக்கவிருப்போர், கடைசி 180 நாட்கள் வரை, படைச் சம்பளத்துடனேயே வெளி நிறுவனங்களில் பயிற்சி பெறும் 'ஸ்கில்பிரிட்ஜ்' திட்டம் உள்ளது. படையின் சட்டப் பிரிவில் பணியாற்றிய வழக்கறிஞர்களை அந்நாட்டு நீதித்துறையின் குடிமை உரிமைப் பிரிவுக்குக் கொண்டுவரவும் இது வழியாகிறது. பயிற்சிக் காலத்தில் பயிற்சியாளரின் வயிற்றுப்பாட்டுக்கு அரசு பொறுப்பேற்கிறது என்பதே அதில் நாம் கவனிக்க வேண்டிய கூறு.

இந்திய இராணுவத்திலும் சட்டப் பிரிவு உண்டு. குறுகிய காலப் பணியில் சேரும் சட்டப் பட்டதாரிகள் பத்து அல்லது பதினான்கு ஆண்டுகளில் வெளிவருகின்றனர். ஆனால் படை அதிகாரிகள் தேர்வில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு இல்லை. ஆகவே அமெரிக்க முறையை அப்படியே இங்கு நட்டால் அதன் பயன் தலித் வழக்கறிஞர்களைப் பெரிதாக எட்டாது. திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்று, மூத்த வழக்கறிஞரிடம் சொற்ப வருமானத்தில் காலம் தள்ளும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கே அந்த ஆதரவு தேவை.

சமனற்ற நீதிமன்றம்

தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2022இல் கொண்டுவந்த திட்டம், குற்றம்சாட்டப்பட்டோருக்காக வாதாட மாத ஊதியத்தில் முழுநேர வழக்கறிஞர்களை மாவட்டந்தோறும் அமர்த்துகிறது. மூன்றாண்டுக்குட்பட்ட அனுபவமுள்ளோரும் அதில் உதவி வழக்கறிஞராகலாம். வசதியற்ற எவருக்கும் எதிர்வாதம் செய்ய ஆள் வேண்டும். அத்திட்டத்தைக் குறை கூற இயலாது. எனினும் பாதிக்கப்பட்டோருக்காக அதற்கிணையான முழுநேர அமைப்பு இல்லை.

பிணை விசாரணை உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்கு முன்னறிவிப்புப் பெறவும் தம் கருத்தைக் கூறவும் 15ஏ பிரிவு உரிமை தருகிறது. இது கட்டாயம் என்று 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நீதிமன்றத்திற்கு ஒருநாள் கூலியை இழந்து செல்லும் தொழிலாளிக்கு, துணைக்கு வழக்கறிஞர் இல்லையெனில், அவ்வுரிமை காகிதத்தோடு நின்றுவிடும். சிறப்பு அரசு வழக்கறிஞராக ஏழாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. அந்த ஏழாண்டுகளைத் தாக்குப்பிடிக்க இயலாமல் எத்தனை தலித் பட்டதாரிகள் வேறு வேலைக்குச் செல்கின்றனர் என்பதை அரசு கணக்கெடுக்கட்டும்.

கேட்க வேண்டியவை

சட்ட உதவிக்கு வழிசெய்யும் கடமையை 21ஆம் பிரிவும், பாதிக்கப்பட்டோர் உரிமைகளை நிறைவேற்றத் திட்டம் வகுக்கும் கடமையை 15ஏ(11) பிரிவும் மாநில அரசுக்கு விதிக்கின்றன. புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சிறப்பு நீதிமன்றம் தோறும், பட்டியல் சாதி, பழங்குடி இளம் வழக்கறிஞர்களுக்கு இரண்டாண்டு ஊதியப் பயிற்சியை இவற்றின்கீழேயே தொடங்கலாம். முதல் தகவல் அறிக்கையில் உரிய பிரிவுகள் சேர்க்கப்பட்டுள்ளனவா எனச் சரிபார்ப்பது, பிணை எதிர்ப்பு மனு, தீருதவித் தொகை, சாட்சிப் பாதுகாப்பு ஆகியவை பயிற்சியின் பாடங்களாகட்டும்.

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டு விதி. தென்காசியின் அடுத்த கூட்டத்தில் இக்கோரிக்கையை எழுத்து மூலம் வைக்கச் சட்டக் கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் முன்வர வேண்டும். பாஞ்சாகுளத்தில் ஒரு மனு 10ஆம் பிரிவை எழுப்பியது. மற்றப் பிரிவுகளையும் எழுப்ப ஆட்கள் வேண்டும். அவர்களுக்கு ஊதியமும் வேண்டும்.