காதல் கதை எழுதுவது குற்றமா?

தமிழ்ப்பள்ளியில் படித்த ஒரு பெண் வளர்ந்து, வேலைக்குச் சென்று, மணமுடித்து, இரண்டு பிள்ளைகளுக்கும் தாயான பிறகு, தன் சொந்த உழைப்பில் தமிழில் ஒரு நாவலை எழுதி வெளியிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நாம் என்ன செய்யவேண்டும்? பொன்னாடை போர்த்த வேண்டியதில்லை. ஒரு படி வாங்கிப் படித்தால் போதும். ஆனால் அந்த நாவல் காதல் நாவலாக இருந்துவிட்டால் நாம் அதைக்கூடச் செய்வதில்லை. முகத்தைச் சுளிக்கிறோம். "இதற்குத்தானா தமிழ் படித்தாள்?" என்று கேட்கிறோம். இந்தக் கேள்வியை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கிள்ளான் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் அந்தப் பெண் என் முன்னாள் மாணவி. புனைபெயரில் எழுதுகிறார், ஆகவே நானும் பெயரைச் சொல்லப் போவதில்லை. சேமிப்பிலிருந்து பணம் எடுத்துத் தம் முதல் நாவலை ஐந்நூறு படிகள் அச்சிட்டார். வாசிப்பு மாதத்தில் அவரைப் பள்ளிக்கு அழைத்து, "ஒரு புத்தகம் எவ்வாறு உருவாகிறது" என்று ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பேசச் சொல்லலாம் என்று ஒரு கூட்டத்தில் பரிந்துரைத்தேன். நாவலைப் பற்றியன்று, எழுதும் உழைப்பைப் பற்றி மட்டுமே பேசுவார் என்றும் விளக்கினேன். மூன்று காரணங்களைச் சொல்லி மறுத்துவிட்டார்கள். மறுத்தவர்களில் ஒருவர்கூட அந்நூலைப் படித்திருக்கவில்லை!

முதற்காரணம்: "காதல் கதை எழுதுவது எளிது, அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?"

எளிதா? அவர் எழுதும் முறையை நான் அறிவேன். விடியற்காலை நான்கரை மணிக்கு எழுகிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்பும் நேரம் வரை, சமையலறை மேசையில் அமர்ந்து பயிற்சிப் புத்தகத்தில் எழுதுகிறார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் தேறினால் அது நல்ல நாள். மதிய உணவு வேளையில் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் தட்டச்சு செய்கிறார். முதல் வரைவு முடிய ஓராண்டுக்கு மேலானது. அதன் பிறகு மூன்று முறை திருத்தி எழுதினார்.

முதல் வரைவில் கதாநாயகி சென்னையில் வாழ்ந்தாள், ஆட்டோவில் போனாள், மெரினாவில் காதலனுக்காகக் காத்திருந்தாள். எழுதியவரோ சென்னையைக் கண்ணால் கண்டதில்லை. காதல் என்றாலே சென்னையில்தான் நடக்கும் என்று திரைப்படமும் தொலைக்காட்சியும் அவருக்குக் கற்பித்திருந்தன. முழுவதையும் எழுதி முடித்த பிறகுதான், தம் மாந்தர்களுக்கு உடம்பு இருக்கிறது, ஊர் இல்லை என்பதை உணர்ந்தார். இரண்டாம் வரைவில் கதையைத் தம் ஊருக்கே கொண்டுவந்தார். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்த தோட்டம், அங்கிருந்து பெயர்ந்து வந்து அடுக்குமாடி வீட்டில் குடியேறிய குடும்பம், துறைமுகத்திற்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர், அரசாங்க மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரியும் பெண் என்று கதை மாறியது.

மூன்றாம் வரைவில் இன்னொரு சிக்கல். தாதி நம் ஊர்ப் பெண்ணைப் போலப் பேசினாள். லாரி ஓட்டுநரோ சினிமா வசனம் பேசினான். ஆகவே அவர் ஒட்டுக்கடைகளில் அமர்ந்து, ஓட்டுநர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார்கள், பிடித்தவர்களைப் பற்றிப் பேசும்போது எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று பல வாரங்கள் கவனித்தார். "ஐயா, நிறையப் பேசுவதை நீக்கிய பிறகுதான் அவன் அவளை விரும்புவது எனக்கே தெரிந்தது," என்றார். எழுத்துக்கலையைப் பற்றி இதைவிடச் சிறந்த பாடத்தை நம் மாணவர்களுக்கு யார் சொல்லித்தரப் போகிறார்கள்? "நான் ஒரு பேனா" என்று தன்கதை எழுதச் சொல்லி, அதற்கும் மாதிரிக் கட்டுரையை மனனம் செய்யவைக்கும் நாமா?

இரண்டாம் காரணம்: "காதல் கதை நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது."

இதைச் சொன்னவர் தமிழறிந்தவர் என்பதால்தான் எனக்கு வியப்பு அதிகம். எட்டுத்தொகை நூல்களில் நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, கலித்தொகை, அகநானூறு ஆகிய ஐந்தும் அகத்திணை நூல்கள். பரிபாடலிலும் அகப்பாடல்கள் உண்டு. திருக்குறளில் 25 அதிகாரங்கள், அதாவது 250 குறள்கள், காமத்துப்பாலாக அமைந்திருக்கின்றன. தொல்காப்பியம் களவுக்கு ஓர் இயலும் கற்புக்கு ஓர் இயலும் வகுத்துத் தந்திருக்கிறது. காதலை எப்படி எழுதவேண்டும் என்பதற்கே இலக்கணம் கண்ட இனம் காதல் கதையைக் கண்டு நாணுவது வேடிக்கையன்றோ?

அந்த இலக்கணத்தைச் சற்றே உற்று நோக்குங்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் மரம், பறவை, தொழில், உணவு ஆகியவை கருப்பொருள். இவற்றோடு பொருந்தினால்தான் உரிப்பொருளாகிய மன உணர்வு உயிர் பெறும். சென்னையைக் கைவிட்டுத் தம் ஊருக்குக் கதையைக் கொண்டுவந்த என் மாணவி இந்த உண்மையைத்தான் தம் கைவருத்தத்தால் கண்டுகொண்டார். ஐந்து உரிப்பொருள்களில் புணர்தல் ஒன்றுதான். மற்ற நான்கும் இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல் என்பன. அப்படியானால், காதல் இலக்கியம் பெரும்பாலும் காத்திருப்பையும் பொறுமையையும் இழப்பையும் பற்றியதே. இதில் பண்பாட்டுக்கு ஒவ்வாதது எது?

ஆசிரியர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். 261 அடிகள் கொண்ட குறிஞ்சிப்பாட்டைக் கபிலர் ஏன் பாடினார்? ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழை அறிவுறுத்துவதற்காகப் பாடினார் என்பது மரபு வழிவந்த குறிப்பு. தலைவியின் காதலைத் தோழி செவிலித்தாய்க்கு எடுத்துரைக்கும் பாட்டு அது. தமிழ் அறியாதவனுக்குத் தமிழைக் காட்ட, ஒரு புலவர் தேர்ந்தெடுத்தது காதல் கதையை! அகப்பாடல்களில் அலர் தூற்றும் ஊரார் வருவர். காதலர்களின் செய்தியை முழுதும் அறியாமல் பழி பேசுவதே அவர்தம் வேலை. நூலைப் படிக்காமலே பழித்த அந்தக் கூட்டம் எந்தப் பாத்திரத்தை ஏற்றுக்கொண்டது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் காரணம்: "பிள்ளைகளின் படிப்பு கெடும்."

பத்து வயதுப் பிள்ளையின் கையில் காதல் நாவலைக் கொடுக்கவேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். வயதுக்கேற்ற நூலைத் தருவது நம் கடமை. ஆனால் அதற்காக, வளர்ந்த ஒருவர் வளர்ந்தவர்களுக்காக எழுதுவதை இழிவுபடுத்துவது என்ன நியாயம்? 'லட்சுமி' என்ற புனைபெயரில் எழுதிய திரிபுரசுந்தரியை நம் தாய்மார்கள் நன்கு அறிவார்கள். பெண்களின் காதலையும் மணவாழ்க்கையையும் வைத்து நாவல் நாவலாக எழுதிக் குவித்தவர். மருத்துவக் கல்லூரியில் பயிலும் காலத்திலேயே எழுதத் தொடங்கியவர். அவருடைய படிப்பு கெட்டதா? மருத்துவராகப் பணியாற்றினார். 1984-இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார்.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. கதாநாயகன் பெண்ணை அறைகிறான், கடத்துகிறான், அவள் விருப்பத்தைக் கேளாமல் தாலி கட்டுகிறான், இறுதியில் அதுவே அன்பு என்று அவள் கண்ணீரோடு ஏற்றுக்கொள்கிறாள். இத்தகைய கதைகள் தமிழில் ஏராளம். இவற்றை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நம் பெண்பிள்ளைகளுக்கு இவை நஞ்சு. ஆனால் நஞ்சு எது, உணவு எது என்று எப்படிப் பிரித்தறிவது? படித்தால்தானே அறியமுடியும்! எல்லாவற்றையும் ஒரே குப்பைக்கூடையில் போடுகிறவர், அறைகிறவனை எழுதியவரையும், மதிக்கிறவனை எழுதியவரையும் ஒன்றாக்கி விடுகிறார். என் மாணவியின் லாரி ஓட்டுநர் அந்தத் தாதியின் பதிலுக்காக ஏழு அத்தியாயங்கள் காத்திருக்கிறான். ஒருமுறைகூட அவளை வற்புறுத்தவில்லை. நம் மகன்கள் படிக்கவேண்டிய பாத்திரம் அது என்றே கூறுவேன்.

ஏன் இதற்கு இத்தனை வாதம் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. மலாயாவில் எழுதப்பட்ட தொடக்ககாலத் தமிழ் நாவல்களுள் ஒன்றாக இலக்கிய வரலாறு குறிப்பிடுவது, 1917-இல் க. வெங்கடரத்தினம் எழுதிய நூலை. அதன் தலைப்பிலேயே 'காதலின் மாட்சி' என்ற சொற்கள் உண்டு. இந்நாட்டு நாவல் தன் தொடக்கத்திலேயே காதலைக் கூசாமல் எழுதியது. 1924-இல் தோன்றிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. கதை வெளியிட இடம் குறைந்தது. கதை படிப்போரும் குறைந்தனர். இந்நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் அவற்றிலிருந்து வெளியேறும் பிள்ளைகளில் எத்தனை பேர் முப்பது வயதில் ஒரு தமிழ் நூலைத் தாமே விரும்பி வாங்குகிறார்கள்? தேர்வுக்காகத் தமிழ் படித்தவர் தேர்வோடு தமிழை விட்டுவிடுகிறார். அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்ற ஆவலில் படித்தவர்தான் கடைசிவரை படிக்கிறார். அந்த ஆவலை ஊட்ட வல்லவை காதல் கதையும் துப்பறியும் கதையும்தான். அவற்றை எழுதுவோரை விரட்டிவிட்டு, "தமிழில் படிப்பார் இல்லையே" என்று மேடைதோறும் புலம்புவது யாரை ஏமாற்ற?

இங்கிலாந்தில் ஜேன் ஆஸ்டின் தம் முதல் நாவலை 1811-இல் வெளியிட்டபோது நூலில் அவர் பெயர் இல்லை. எழுதியவர் 'ஒரு பெண்மணி' என்று மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும், நம்மிடையே ஒரு பெண் காதல் கதை எழுதினால் மாமியாருக்கும் மேலாளருக்கும் பிள்ளைகளின் ஆசிரியருக்கும் அஞ்சிப் பெயரை மறைக்கவேண்டி இருக்கிறது. இதற்கு நாணவேண்டியவர் அவரல்லர்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களையும் பெற்றோர்களையும் மூன்று வேண்டுகோளோடு அணுகுகிறேன்.

1. உங்கள் ஊரில் ஒருவர் தமிழ் நாவல் வெளியிட்டால் ஒரு படியை விலைகொடுத்து வாங்குங்கள். நூல் வெளியீட்டில் முதல் நூல் வாங்கும் பெருமகனாரை மட்டும் நம்பி எந்த எழுத்தாளரும் இரண்டாம் நாவலை எழுதமுடியாது.

2. படித்த பின்னர் குறை சொல்லுங்கள். எந்த அத்தியாயம் தளர்ந்தது, எந்தப் பாத்திரம் பொய்யாகப் பேசியது என்று சொல்லுங்கள். புதிய எழுத்தாளருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

3. உங்கள் மகளின் புத்தகப் பைக்குள் அவள் எழுதிய கதை ஒன்று கிடைத்தால், அதில் காதல் இருக்கிறதா என்று தேடாதீர்கள். முதலில் முழுவதையும் படியுங்கள். கிழித்துப் போட்டால் கதையோடு அவளுடைய தமிழும் போய்விடும்.

என் மாணவி இப்போது இரண்டாம் நாவலைத் தொடங்கியிருக்கிறார். இம்முறை தலைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியையாம். அக்கதையில் நாம் எப்படி வரப்போகிறோம் என்பதை இனிமேலாவது நாமே முடிவு செய்துகொள்வோம்.