கதை எங்கே தொடங்குகிறது?

"படம் எப்படி?" என்று யாராவது கேட்டால் நாம் உடனே கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் திரையில் நாம் பார்த்தது கதையை அல்ல, கதைப்பின்னலை.

இரண்டும் வேறு. நடந்தவை எல்லாம், நடந்த ஒழுங்கில், காரண காரியத்தோடு இருப்பது கதை. அதில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது, எதை முன்னுக்கு வைப்பது என்று இயக்குநர் அடுக்கித் தருவது கதைப்பின்னல். 1920களில் ரஷ்ய உருவவாதிகள் இவற்றை ஃபாபுலா, சியுஷெட் என்று பிரித்தார்கள். டேவிட் போர்ட்வெல் 1985இல் வந்த தன் நூலில் இதைச் சினிமாவுக்குப் பொருத்தினார். கதையைக் கட்டி முடிப்பது பார்வையாளரின் மனம்தான் என்பது அவரது வாதம்.

அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செப்பரேஷன்' (2011) என்ற ஈரானியப் படத்தைப் பாருங்கள். மறதி நோயுள்ள முதியவரைப் பராமரிக்க ரஸியா என்ற கர்ப்பிணிப் பெண் வருகிறாள். ஒருநாள் அவர் தனியாக வீதிக்கு இறங்கிவிடுகிறார். அவள் பதறிப்போய்த் தேடி ஓடுகிறாள். வாகனங்கள் விரைகின்றன. காட்சி அங்கேயே வெட்டப்படுகிறது. மறுநாள் முதியவரின் மகன் நாதர் கோபத்தில் அவளை வாசலுக்கு வெளியே தள்ளுகிறான். அவளது கரு கலைகிறது. வழக்கு வருகிறது. நாமும் தீர்ப்புச் சொல்லத் தொடங்குகிறோம்.

படத்தின் கடைசிப் பகுதியில்தான் தெரிகிறது, முதல்நாள் வீதியில் அவளைக் கார் மோதியிருக்கிறது. அது கதையில் இருந்தது, கதைப்பின்னலில் இல்லை. நாதர்தான் காரணம் என்று குர்ஆனில் சத்தியம் செய்யச் சொன்னபோது ரஸியாவால் முடியவில்லை. தனக்கே நிச்சயமில்லாத ஒன்றை அவள் சொல்ல மறுக்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த நமக்கோ அந்தத் தயக்கம் இருக்கவில்லை.

இது சினிமாவோடு முடிகிற விடயமல்ல. வட்ஸ்அப்பில் வரும் முப்பது விநாடி வீடியோவும் ஒரு கதைப்பின்னல்தான். இரண்டாவது அடியிலிருந்து தொடங்கினால் அடித்தவன் குற்றவாளி, முதல் அடியிலிருந்து தொடங்கினால் அவனே பாதிக்கப்பட்டவன். வகுப்பில் "சேர், இவன் எனக்கு அடிச்சான்" என்று வரும் பிள்ளையும் தனக்குத் தோதான இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆசிரியர்கள் நாம் "அதுக்கு முதல் என்ன நடந்தது?" என்று கேட்கிறோம். பெரியவர்களின் சண்டையில் மட்டும் அதைக் கேட்காமல் பகிர்ந்துவிடுகிறோம்.

ஒரு வேறுபாடும் உண்டு. நல்ல இயக்குநர் தான் மறைத்ததை முடிவதற்குள் நம்மிடம் திருப்பித் தந்துவிடுவார். வீடியோவை வெட்டி அனுப்புபவர் ஒருநாளும் தரமாட்டார். அந்த மிச்சத்தைத் தேடும் பொறுப்பு நம்முடையது.

ஆகவே பாடசாலையில் கதைச்சுருக்கம் எழுதச் சொல்வதோடு நிறுத்தாமல், "இதில் உங்களுக்குக் காட்டப்படாதது என்ன?" என்றும் பிள்ளைகளிடம் கேட்போம். அந்தக் கேள்விக்குப் பழகிய பிள்ளை நாளை ஊரில் ஒரு வதந்தி வரும்போது அவசரப்படாது.